இரண்டரை டாலர் காபியும் இருபத்திரண்டு சென்ட்டும்

எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன காபிக்கடை இருக்கிறது. ஊர் என்றால் நியூ ஜெர்சியில், நியூயார்க் போகிற ரயில் நின்று போகும் பல ஊர்களில் ஒன்று. நாலு மேஜை, ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய ரொட்டி வகைகள், கல்லாவில் ஓர் அம்மா, உள்ளே அடுப்புப் பக்கம் அவர் கணவர். அவ்வளவுதான் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ரொம்ப நாளாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. கார்டு கொடுப்பதானால் குறைந்தது 5 டாலருக்கு வாங்க வேண்டும். சாதா பிளாக் காபி 2.50 டாலர். ஆக, கார்டு மட்டுமே வைத்திருக்கும் என்னை மாதிரி ஆள் காபியோடு ஒரு பிஸ்கோத்தும் வாங்கியாக வேண்டும். இரண்டு வருடம் அந்தப் பிஸ்கோத்தைத் தின்றிருக்கிறேன். டாக்டர் திட்டியது தனிக்கதை.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு நாள் அந்தத் தாள் காணவில்லை. பலகையில் பிளாக் காபி 2.75 ஆகியிருந்தது. பால் போட்ட லாட்டே வகைகள் விலை மாறவில்லை. எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. பால் விலைதான் ஏறியது என்றால் லாட்டே அல்லவா ஏற வேண்டும்? கேட்டேன். அந்த அம்மா கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். "நீ கணக்கு வேலைதானே பார்க்கிறாய், இதைப் படித்து எனக்குப் புரியும்படி சொல்லு" என்றார். கார்டு மெஷின் கம்பெனி அனுப்பும் மாதாந்திர அறிக்கை அது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எல்லாக் கம்பெனி அறிக்கையும் கிட்டத்தட்ட இதே லட்சணத்தில்தான் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதக் கட்டைப் படித்ததில் தொடங்கியது. கார்டு கட்டணம் பற்றி அமெரிக்காவில் இரண்டு கட்சி உண்டு. கடைக்காரர் சங்கங்கள், "கார்டுக்காரர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பிடுங்குகிறார்கள், அதனால்தான் விலை ஏறுகிறது" என்கின்றன. வங்கிகள், "கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தோமே, எந்தக் கடைக்காரன் விலையைக் குறைத்தான்?" என்கின்றன. இரண்டு பேரும் சதவீதத்தில் பேசுகிறார்கள். இரண்டரை டாலர் காபி விற்கும் கடைக்கு இந்தச் சதவீதப் பேச்சே பொருந்தாது என்பதுதான் என் வாதம்.

முதலில் அறிக்கை. எண்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன், அவர்கள் வியாபாரம் ஊருக்குத் தெரிய வேண்டாம், விகிதம் மாறாது. ஒரு மாதம் கார்டு விற்பனை 18,400 டாலர். அதற்கு 2,630 தடவை கார்டு தேய்த்திருக்கிறார்கள். அதாவது தலைக்குச் சராசரி 7 டாலர். கட்டணம் மூன்று அடுக்கு. விற்பனையில் 2.2 சதவீதம், அது 404.80 டாலர். ஒவ்வொரு தடவைக்கும் 12 சென்ட், அது 315.60. அப்புறம் மெஷின் வாடகை 59, "பாதுகாப்புத் தர" கட்டணம் என்று 30, இந்த அறிக்கையை அச்சடித்து அனுப்ப 10. ஆக மொத்தம் 819.40.

அந்த அம்மாவுக்கு விற்பனைப் பிரதிநிதி சொன்னது "ரெண்டு சதவீதம் சொச்சம்". நான் கால்குலேட்டரில் 819.40ஐ 18,400ஆல் வகுத்துக் காட்டினேன். 4.45 சதவீதம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வகுக்கச் சொன்னார்.

பிரதிநிதி பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. 2.2 என்பது காகிதத்தில் இருக்கிறது. சின்ன விற்பனைக்கு அந்த 2.2 முக்கியமே இல்லை என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. 2.50 டாலர் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். 2.2 சதவீதம் என்றால் ஐந்தரை சென்ட். மேலே 12 சென்ட். மாத வாடகை வகையறாவை 2,630 தடவைக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 4 சென்ட். மொத்தம் 21 சென்ட்டுக்கு மேல். விலையில் எட்டரை சதவீதம். இதே திட்டத்தில் பக்கத்துத் தெரு உணவகம் 70 டாலர் பில்லுக்குக் கார்டு தேய்த்தால், வாடகையைச் சேர்க்காமல், 1.66 டாலர், இரண்டரை சதவீதம்கூட வராது. ஒரே மெஷின், ஒரே ஒப்பந்தம். ஒருவருக்கு இரண்டரை, இன்னொருவருக்கு எட்டரை.

எட்டரை சதவீதம் பெரிதா, சிறிதா? ஓர் ஒப்பீடு செய்து பார்த்தேன். 2025 பிப்ரவரியில் அரபிகா காபிக்கொட்டையின் சந்தை விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத உச்சம். பிரேசிலில் வறட்சி என்று உலகச் செய்தி எல்லாம் அதுதான். ஒரு வருடத்துக்கு முன்னால் அது 2 டாலர் பக்கம் இருந்தது. ஒரு பவுண்டு பச்சைக் கொட்டையை வறுத்தால் எடை குறைந்து சுமார் 380 கிராம் நிற்கும். ஒரு கப்புக்கு 18 கிராம் என்றால் 21 கப். அந்த உச்ச விலையில்கூட ஒரு கப்பில் இருக்கும் பச்சைக் கொட்டையின் விலை 19 சென்ட்தான். கடைக்காரர் வறுத்த கொட்டை வாங்குகிறார், அது இதைவிட நல்ல விலை, தெரியும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். எத்தியோப்பியாவிலோ பிரேசிலிலோ செடி நட்டு, பறித்து, உலர்த்தி, கப்பலேற்றியவருக்கெல்லாம் சேர்த்து 19 சென்ட். ரயிலடியில் ஒரு அட்டையை மெஷினில் காட்டியதற்கு 21 சென்ட். கொட்டை விலை ஏறினால் பத்திரிகையில் படத்தோடு வருகிறது. இந்த 21 சென்ட் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. இதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். ஒரு சிறு துண்டு விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புக்கு. மிச்சம் கடைக்கு மெஷின் வைத்த கம்பெனிக்கு. கடைக்காரர் பேரம் பேச முடிவது இந்த மூன்றாவது துண்டில் மட்டும்தான். முதலாவதில் அவருக்குக் குரலே கிடையாது.

குரல் இல்லாதவர்களுக்காகப் பேசுகிறேன் என்று கிளம்பிய ஒரு சட்டம் உண்டு. 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தில் செனட்டர் டிக் டர்பின் சேர்த்த பிரிவு. டெபிட் கார்டுக்கு வங்கிகள் வாங்கும் இன்டர்சேஞ்சுக்கு உச்சவரம்பு வைக்கச் சொன்னது. 1,000 கோடி டாலருக்குமேல் சொத்துள்ள பெரிய வங்கிகளுக்கு மட்டும் அது பொருந்தும். ஃபெடரல் ரிசர்வ் முதலில் 12 சென்ட் என்று வரைவு வெளியிட்டது. வங்கிகள் போட்ட கூச்சலுக்குப் பிறகு 21 சென்ட், அதோடு 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்கு இன்னொரு சென்ட் என்று முடிந்தது. 2011 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. அதுவரை ஒரு டெபிட் விற்பனைக்குச் சராசரியாக 44 சென்ட் போய்க்கொண்டிருந்தது; அது பாதியாகிவிடும் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

காபிக்கடைக்கு நடந்தது வேறு. அதற்கு முன்னால் விசாவில் சின்ன விற்பனைக்கென்று தனிக் கட்டணம் இருந்தது. 15 டாலருக்குள் இருந்தால் 1.55 சதவீதமும் 4 சென்ட்டும். இரண்டரை டாலர் காபிக்கு 8 சென்ட்கூட வராது. ரொக்கம் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த சின்னக் கடைகளைக் கார்டுப் பக்கம் இழுக்க வைத்த சலுகை அது. உச்சவரம்பு வந்ததும் வலையமைப்புகள் என்ன செய்தன? பெரிய விற்பனையில் போன பணத்தைச் சின்ன விற்பனையில் பிடித்தன. சலுகையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் உச்சவரம்பையே கட்டணமாக வைத்தன. 8 சென்ட் 22 சென்ட் ஆனது. கூரை என்று போட்டதைத் தரையாக்கிவிட்டார்கள். சட்டம் "இதற்கு மேல் வாங்காதே" என்றுதான் சொன்னது, "இதற்குக் கீழே கொடுத்ததை நிறுத்தாதே" என்று சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு டாலருக்கு சினிமா டிவிடி வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ரெட்பாக்ஸ் விலையை 1.20 ஆக்கியது. டெபிட் கட்டண உயர்வையும் ஒரு காரணமாகச் சொன்னது. நுகர்வோருக்கு நல்லது செய்ய வந்த சட்டத்தால் விலை ஏறிய உதாரணம் என்று வங்கிக் கட்சி இதை இன்றைக்கும் எடுத்துக் காட்டும். கொஞ்சம் முதலைக் கண்ணீர்தான். கட்டணத்தை ஏற்றியதே அவர்கள் பக்கம். ஆனால் உதாரணம் உண்மை.

சில வருடம் கழித்து ரிச்மண்ட் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் கடைக்காரர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கட்டணத்தில் மாற்றம் தெரியவில்லை, அல்லது மாறியதா என்றே தெரியவில்லை. நாலில் ஒரு பங்கு பேருக்குக் கட்டணம் ஏறியிருந்தது. விலையைக் குறைத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவு. ஏற்றியவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. வங்கிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, "பார், கடைக்காரன் குறைக்கவே மாட்டான்" என்கிறார்கள். எனக்கு இதில் முதல் வரிதான் பெரிதாகப் படுகிறது. தன் கட்டணம் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாத கடைக்காரர்கள் இத்தனை பேர். அந்த அம்மா மாதிரி. தெரியாத செலவை எப்படி விலையில் வைப்பது?

சரி, தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் காபி விலை கட்டணத்தோடு சேர்ந்து மெதுவாக ஏறி இறங்காது. காபிப் பலகையில் 2.58 என்று யாரும் எழுதுவதில்லை. 2.50க்கு அடுத்தது 2.75, அதற்கடுத்து 3. கால் டாலர் படிகள். நம்மூரில் டீ 10, 12, 15 என்று தாவுகிற மாதிரி. ஒரு கப்புக்கு 8 சென்ட் செலவு ஏறினால் கடைக்காரர் முதலில் பல்லைக் கடித்துக்கொள்வார். பிறகு 5 சென்ட். அப்புறம் கொட்டை விலை. ஏதோ ஒரு நாள் பொறுமை போய் 25 சென்ட் ஏற்றுவார். அன்றைக்கு அவரிடம் காரணம் கேட்டால் கடைசியாக ஏறியது எதுவோ அதைச் சொல்வார். ஆகவே "கார்டு கட்டணத்தால் விலை ஏறியதா?" என்ற கேள்விக்கு நேரடியாக ஆம், இல்லை சொல்ல முடியாது. அடுத்த தாவல் எத்தனை சீக்கிரம் வரும் என்பதையே கட்டணம் தீர்மானிக்கிறது. கட்டணம் பிறகு நாலு சென்ட் குறைந்தால் விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கும் இதேதான் பதில். நாலு சென்ட் இறங்க அங்கே படி கிடையாது.

லாட்டே ஏறாமல் பிளாக் காபி ஏன் ஏறியது என்ற என் முதல் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. தடவைக்கு இவ்வளவு என்ற நிரந்தரக் கட்டணம் மலிவான பொருளைத்தான் முதலில் கடிக்கும். 5.50 டாலர் லாட்டே 12 சென்ட்டைத் தாங்கும். 2.50 டாலர் காபி தாங்காது. கார்டுக் கணக்கைப் பார்க்காவிட்டாலும் எது கையைக் கடிக்கிறது என்று அந்த அம்மாவுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

இந்த நிரந்தரத் துண்டின் பலம் 2019இல் ஒரு தடவை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஸ்கொயர் கம்பெனி, சின்னக் கடைகளுக்கெல்லாம் அந்த வெள்ளைச் சதுரத்தைக் கொடுத்துப் பிரபலமானதே ஒரு வாக்குறுதியில்தான்: 2.75 சதவீதம், வேறு ஒன்றும் இல்லை. அந்த வருடம் நவம்பரில் அதை 2.6 சதவீதமும் 10 சென்ட்டும் என்று மாற்றினார்கள். சதவீதம் குறைந்திருக்கிறதே என்று தோன்றும். கணக்குப் போட்டால், 67 டாலருக்குக் கீழே எந்த விற்பனையாக இருந்தாலும் கடைக்கு நஷ்டம். மூன்று டாலர் காபிக்கு 8 சென்ட் சொச்சமாக இருந்தது 18 சென்ட்டை நெருங்கியது. பிறகு அந்த 10 சென்ட் 15 ஆகவும் ஆனது. நியாயமாகச் சொன்னால், ஸ்கொயருக்கும் வேறு வழி குறைவு. அவர்களும் ஒவ்வொரு காபிக்கும் வங்கிக்கு நிரந்தரத் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நஷ்டத்தை இத்தனை வருடம் தாங்களே சுமந்துவிட்டுக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

இதே தெருவில் ஸ்டார்பக்ஸும் இருக்கிறது. அவர்களும் இதே காபியைத்தான் விற்கிறார்கள், ஆனால் இந்தத் தொல்லை அவர்களுக்குப் பாதிகூட இல்லை. செயலியில் முன்பணமாக 25 டாலர் போடச் சொல்கிறார்கள். கார்டு ஒரே ஒரு தடவை தேய்கிறது. அதற்குப் பிறகு ஐந்து காபி அவர்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே கழிகிறது, கார்டுக்காரனுக்கு வேலையில்லை. சாதாரண 2.6 சதவீதம், 10 சென்ட் கணக்கிலேயே பார்த்தால், ஐந்து டாலர் காபியை ஐந்து தடவை தேய்த்தால் 1.15 டாலர், 25 டாலரை ஒரே தடவை தேய்த்தால் 75 சென்ட். போதாக்குறைக்கு வாடிக்கையாளர் பணம் வட்டியில்லாமல் கையில் இருக்கிறது. அப்படி நிற்கும் பணம் நூறு கோடி டாலருக்கு மேல். நாம் இதை விசுவாச அட்டை, நட்சத்திரம், இலவசக் காபி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டணத்தைக் கடை சுமக்காமல் கார்டு தருபவரிடமே தனியாக வாங்கினால் என்ன? கேள்வி நியாயமானது. பதில் இங்கே சட்டமும் கம்பெனி விதியும் பின்னிய ஒரு சிக்கல். கிரெடிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் போடலாம், விசா விதிப்படி 3 சதவீதத்துக்கு மேல் கூடாது. டெபிட் கார்டுக்குப் போடவே கூடாது. ஆனால் ரொக்கம் தருபவருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம். அதே 10 சென்ட்தான். ஏற்றினேன் என்றால் தப்பு, குறைத்தேன் என்றால் சரி. நியூயார்க் மாநிலத்தில் இந்த வித்தியாசம் ஒரு முடிதிருத்தும் கடை மூலம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017இல் நீதிமன்றம், இந்தச் சட்டம் கடைக்காரர் விலையை எப்படிச் சொல்கிறார் என்பதைக் கட்டுப்படுத்துகிறது, ஆகவே இது பேச்சுரிமை விஷயம் என்றது. போகிற போக்கில் இன்னொன்று: எங்கள் கடையின் அந்த 5 டாலர் தாளும் பாதி செல்லாதது. குறைந்தபட்சத் தொகை வைக்க, 10 டாலர்வரை, சட்டம் அனுமதிப்பது கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான். டெபிட் கார்டோடு வந்த நான் அந்தப் பிஸ்கோத்தை வாங்கியிருக்கவே வேண்டாம்.

இந்தச் சந்து வழியாக இப்போது ஒரு புது வியாபாரம் நுழைந்திருக்கிறது. "இரட்டை விலை" திட்டம். பலகையில் ரொக்க விலை ஒன்று, கார்டு விலை ஒன்று. கார்டு விலை 3.99 சதவீதம் அதிகம். அந்த 3.99ஐ மெஷின் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். கடைக்குக் கட்டணம் பூஜ்யம். அந்த அம்மாவிடமும் ஒரு பிரதிநிதி இதை விற்க வந்திருந்தார். எனக்குக் கேட்டதுமே கோபம் வந்தது. பகல் கொள்ளை, இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கோபம் கணக்கில் நிற்கவில்லை. அவர்கள் 18,400 டாலருக்கு 3.99 சதவீதம் 734 டாலர். இப்போது போவது 819. இரண்டரை டாலர் காபிக்கு வாடிக்கையாளர் 10 சென்ட் கூடக் கொடுத்தால் போதும். இப்போது கடை 21 சென்ட் இழக்கிறது. நிரந்தரத் துண்டை எடுத்துவிட்டு வெறும் சதவீதமாக்கியதால் சின்னக் கடைக்கு உண்மையிலேயே லாபம். நான் எழுத நினைத்த கட்டுரையை அங்கேயே கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

ஆனாலும் எனக்கு அதில் இரண்டு உறுத்தல் இருக்கிறது. கட்டணம் தன் பையிலிருந்து போகாதபோது கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிடுவார். அடுத்த வருடம் 3.99 என்பது 4.5 ஆனால் சண்டை போட யார் இருக்கிறார்கள்? காபி வாங்குகிறவருக்கு அது 1 சென்ட், கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, நூறு டாலருக்குக் கேக் ஆர்டர் கொடுக்கிறவர் 4 டாலர் கட்டுவார். அவர் டெபிட் கார்டுக்குப் பெரிய வங்கி வாங்கியது 27 சென்ட் மட்டும்தான். மிச்சத்தின் பெரும்பகுதி மெஷின் கம்பெனிக்கு. காபியில் விட்டதைக் கேக்கில் பிடிக்கிறார்கள். மேலே சொன்ன விசா கதையின் தலைகீழ் வடிவம்.

இங்கே இந்தக் கட்டுரையை வாசிக்கும் நண்பர்கள் பாதிப் பேர், "ஊரில் யு.பி.ஐ. வந்து எல்லாம் சரியாகிவிட்டதே, அமெரிக்கா இன்னும் கற்காலத்தில் இருக்கிறது" என்று எழுதப்போகிறீர்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பா இதைத் தினமும் சொல்கிறார். பெருமை நியாயம்தான். 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர் கட்டணம், அதாவது எம்.டி.ஆர்., பூஜ்யம். திருச்சியில் 12 ரூபாய் டீக்கு ஸ்கேன் செய்தால் டீக்கடைக்காரருக்கு 12 ரூபாயும் போய்ச் சேர்கிறது. சின்ன விற்பனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் அரிது. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, வேறு சட்டைப்பைக்குப் போயிருக்கிறது. மத்திய அரசு வங்கிகளுக்கு ஊக்கத்தொகை என்று வரிப்பணத்தில் கொடுக்கிறது. 2024-25க்கு 1,500 கோடி ரூபாய், சின்னக் கடைகளில் 2,000 ரூபாய்வரையான பரிமாற்றத்துக்கு 0.15 சதவீதம் என்று. "பணம் பெறப்பட்டது" என்று கத்தும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மாத வாடகை உண்டு; சதவீதம் போய் நிரந்தரத் துண்டு மட்டும் நிற்கிறது, மறுபடியும்.

இன்னொரு விலையும் இருக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைகள் "யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்" என்று பலகை மாட்டின. யு.பி.ஐ. வரவை வைத்து வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியிருந்தது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டணமே இல்லாத ஒரு வழியைக் கடைக்காரர்கள் ஒரே வாரத்தில் தூக்கிப் போட்டார்கள் என்றால், கார்டா ரொக்கமா என்ற முடிவு வெறும் கட்டணக் கணக்கு இல்லை என்று தெரிகிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

திரும்ப ரயிலடிக்கு வருகிறேன். இந்தக் கதையில் என் பங்கும் உண்டு. நான் கொடுக்கும் கார்டுகளில் ஒன்று இரண்டு சதவீதம் திருப்பித் தரும் கிரெடிட் கார்டு. அந்த இரண்டு சதவீதம் வங்கி தன் கைக்காசிலிருந்து தருவதில்லை. கடைக்காரர் கட்டிய இன்டர்சேஞ்சிலிருந்து வருகிறது. கடைக்காரர் அதை விலையில் வைக்கிறார். விலையை ரொக்கம் கொடுப்பவரும் கட்டுகிறார். 2010இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் ஷூ, ஷை, ஸ்டாவின்ஸ் என்ற மூவர் இதை அமெரிக்கா முழுமைக்கும் கணக்கிட்டார்கள்: ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் வருடத்துக்குச் சராசரி 149 டாலர் இழக்கிறது, கார்டு பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ரொக்கத்துக்கும் எண்ணுவது, வங்கிக்குத் தூக்கிப் போவது, கல்லாவில் காணாமல் போவது என்று செலவு உண்டு. அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆனால் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். எப்போதும் பிளாக் காபி, எப்போதும் சில்லறை. பத்து கால் டாலர் நாணயங்களை எண்ணி வரிசையாக வைப்பார். அந்தக் கடையில் கார்டுச் செலவே வைக்காத ஓர் ஆள் என்றால் அவர்தான். பிளாக் காபி 2.75 ஆனபோது உயர்வை முதலில் கட்ட வேண்டியவரும் அவர்தான். லாட்டே குடித்துக் கார்டு நீட்டி இரண்டு சதவீதம் வாங்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த அம்மா அவரிடம் பதினோராவது நாணயத்தைக் கேட்கவில்லை என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். பலகையில் எதுவும் எழுதாத தள்ளுபடி அது. எல்லா ரொக்கக்காரருக்கும் எழுதியே போடுங்களேன், சட்டம் இடம் கொடுக்கிறது என்றேன். யோசிக்கிறேன் என்றார். மெஷின் கம்பெனியை மாற்றலாம் என்று பார்த்தால், வாடகை ஒப்பந்தம் 48 மாதம். நடுவில் விடக் கூடாதாம். இன்னும் 31 மாதம் பாக்கி. 59 டாலர் வீதம் 1,829 டாலர். அதைக் கட்டிவிட்டு வெளியே வருவதா, இரட்டை விலைக்காரரிடம் போவதா என்று அவரும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரதிநிதி செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். ஏற்றினால் எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்வீர்கள், விட்டுப் போக எவ்வளவு என்று இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் அம்மா பற்று நோட்டு வைத்திருந்தது ஞாபகம் வந்தது. மாதக் கடைசியில் கணக்கு. அதையே திருப்பிப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலை 20 டாலர் நோட்டு ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். ஏழு பிளாக் காபி. அந்த அம்மா கல்லாவுக்கு அடியில், அந்தக் காகிதக் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நோட்டில் என் பெயரைப் போட்டுக் கோடு கிழித்துக்கொள்கிறார். இந்த வாரம் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது.